முதல் டூட்டி எந்தப் பிரிவில்? புதிய நர்ஸுக்கு ஓர் ஒப்பீடு

"அக்கா, ஐசியுவில் ஓர் இடம் இருக்காம், ஜெனரல் வார்டிலும் ஓர் இடம் இருக்காம். நாளைக்குள்ள சொல்லணும். எதை எடுக்கட்டும்?"

படிப்பு முடிந்து, பதிவு எண் கைக்கு வந்த வாரத்தில் பலரும் கேட்கும் கேள்வி இது. தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் இனி எல்லாமே அந்தப் பக்கம்தான் போகுமோ என்ற பயம் குரலில் தெரியும். போதாததற்கு ஆளுக்கொரு பேச்சு. "வார்டுக்குப் போனா ஒண்ணும் கத்துக்க முடியாது" என்பார் ஒருவர். "வார்டு பார்க்காம ஐசியுவுக்குப் போனா தேற மாட்ட" என்பார் இன்னொருவர்.

நான் வார்டில் தொடங்கிப் பிறகு ஐசியுவுக்குப் போனவள். புதிதாகச் சேர்பவர்களைப் பக்கத்தில் வைத்துப் பழக்கும் பொறுப்பையும் பல ஆண்டுகள் பார்த்தேன். நேராக ஐசியுவில் சேர்ந்து அருமையாக வந்தவர்கள் உண்டு. வார்டில் சேர்ந்து எட்டே மாதத்தில் "இந்த வேலையே வேண்டாம்" என்று போனவர்களும் உண்டு. போனவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கிறேன். பெரும்பாலும் பிரிவு பிடிக்காமல் போகவில்லை. சொல்லித்தர ஆளில்லாமல், தாங்க முடியாத எண்ணிக்கையில் நோயாளிகளோடு தனியாக விடப்பட்டுத்தான் போனார்கள். ஆகவே பிரிவுகளை ஒப்பிடும் முன், எதை வைத்து ஒப்பிடுவது என்பதைப் பேசிவிடலாம்.

எதை வைத்து அளப்பது

முதலாவது, என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது: பக்கத்தில் யார் நிற்பார்கள்? நோயாளியைத் தனியாக ஏற்கும் முன் எத்தனை வாரம் மூத்தவர் ஒருவரோடு இருப்பீர்கள்? அந்த வாரங்களில் உங்களைக் கூடுதல் ஆளாக வைப்பார்களா, இல்லை முதல் நாளிலேயே டூட்டிக் கணக்கில் ஒரு தலையாகச் சேர்த்துவிடுவார்களா? இதற்குப் பதில் மோசமாக இருந்தால் மீதியைப் பார்க்கவே வேண்டாம்.

இரண்டாவது, ஒரு டூட்டியில் எத்தனை நோயாளிகள். இது வசதி சம்பந்தப்பட்ட கேள்வி என்று நினைத்துக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி இது. நர்ஸிங் ஆய்வாளர் லிண்டா எய்கனும் அவருடைய குழுவும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. கலிபோர்னியாவில் 2004 முதல் இதற்குச் சட்டமே நடைமுறையில் இருக்கிறது. அங்கே ஒரு நர்ஸுக்கு ஐசியுவில் 2 பேர், எமர்ஜென்சியில் 4 பேர், பொது வார்டில் (2005 முதல்) 5 பேர் என்பது உச்ச வரம்பு. உங்களுக்குச் சொல்லப்படும் எண்ணிக்கையை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, உங்கள் கண்ணும் கையும் முதலில் எதைப் பழகும். முதல் ஒன்றிரண்டு ஆண்டில் படியும் பழக்கம் பிறகு எங்கே போனாலும் கூடவே வரும். நான்காவது, டூட்டி முடிந்து வீட்டுக்கு எதைச் சுமந்துகொண்டு போவீர்கள்: முதுகுவலியா, தூக்கமின்மையா, ஒரு முகமா. ஐந்தாவது, அங்கிருந்து வேறு எங்கெல்லாம் போக முடியும்.

சம்பளத்தை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. குடும்பம் உங்கள் சம்பளத்தை நம்பியிருந்தால் அது முதலிடத்துக்கு வரலாம், அதில் தவறில்லை. ஆனால் கூடுதலாகத் தரும் இடத்தில் அது எதற்காக என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் நைட் டூட்டிக்கோ, ஆள் நிற்காத பிரிவுக்கோதான் தருவார்கள்.

ஜெனரல் வார்டு

மருத்துவ வார்டு, அறுவை சிகிச்சை வார்டு இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். வார்டில் ஒன்றும் கற்க முடியாது என்பவர்களுக்கு என் மூன்றாவது மாதத்தில் நடந்ததைச் சொல்வது வழக்கம்.

வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாளில் ஓர் அம்மா இருந்தார். பிபி சரியாக இருந்தது, காய்ச்சல் இல்லை. ஆனால் போர்வையை இழுப்பதும் தள்ளுவதுமாக, ஒரு நிலையில் படுக்காமல் இருந்தார். மூச்சு 20 என்று சார்ட்டில் எழுதியிருந்தேன். எனக்கு முந்தைய டூட்டியிலும் 20, அதற்கு முந்தையதிலும் 20. மூத்த சிஸ்டர் வந்தார். நாடி பார்ப்பதுபோல் அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் மார்பையே பார்த்தார். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும், அதனால்தான் அந்த மணிக்கட்டு. 28. என் பக்கம் திரும்பி, நோயாளிக்குக் கேட்காத குரலில், "எண்ணினியா, எழுதினியா?" என்றார்.

நான் எழுதியிருந்தேன், அவ்வளவுதான். குடலைத் தைத்த இடத்தில் கசிந்து, உள்ளே தொற்று தொடங்கியிருந்தது. அன்று மாலையே அந்த அம்மாவை மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்தார். அன்றிலிருந்து நான் மூச்சை எண்ணாமல் எழுதியதில்லை.

பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு இயல்பு. உடல் மோசமாகத் தொடங்கும்போது பல நேரம் பிபிக்கு முன்னால் மூச்சுதான் மாறும். பிரிட்டனில் 2012-இல் கொண்டுவந்த முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில், மூச்சு 25-ஐத் தொட்டாலே அதற்கு மட்டும் 3 புள்ளி, அதாவது அந்த ஓர் அளவுக்குத் தரக்கூடிய முழுப் புள்ளி. வார்டில் மானிட்டர் கிடையாது. உங்கள் கண்தான் மானிட்டர். இந்தப் பார்வை வேறெந்தப் பிரிவிலும் இவ்வளவு ஆழமாகப் படியாது.

கூடவே ஆறு பேரில் யாரிடம் முதலில் போவது என்று வரிசைப்படுத்தும் திறமை வரும். அடுத்த டூட்டிக்காரரிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்டோவரைச் சுருக்கமாகச் சொல்லவும், ரவுண்ட்ஸில் டாக்டரிடம் தயங்காமல் பேசவும், வீட்டுக்குப் போகும் நோயாளிக்கு மருந்தைப் புரியும்படி சொல்லவும் பழகுவீர்கள். இங்கிருந்து எந்தப் பிரிவுக்கும் கதவு திறக்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு. எண்ணிக்கை ஏறும்போது எல்லாம் ஓட்டமாகிவிடும். நோயாளியைத் தூக்கியும் புரட்டியும் முதுகு கெடும். எல்லாவற்றையும்விட மோசமானது, ஒரு டூட்டியில் செய்ய வேண்டிய பத்தில் ஏழுதான் செய்ய முடிந்தது என்ற குறையோடு தினமும் வீட்டுக்குப் போவது. அது மெல்ல மெல்லத் தின்னும். ஆள் குறைவான வார்டில் நல்ல பழக்கங்களுக்குப் பதில் குறுக்கு வழிகளைக் கற்பீர்கள். எண்ணாமல் 20 என்று எழுதும் பழக்கம் அங்கேதான் பிறக்கிறது.

எந்தப் பிரிவு பிடிக்கும் என்று இன்னும் தெரியவில்லையா? நோயாளியோடு பேசப் பிடிக்குமா? எண்ணிக்கையும் தாங்கும்படி இருந்தால் வார்டை எடுங்கள்.

ஐசியு

1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது மூச்சுத் தசைகள் செயலிழந்து பலர் இறந்துகொண்டிருந்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ஒரு பையைக் கையால் அழுத்திக் காற்றுச் செலுத்தும் வழியைக் காட்டினார். அதற்குப் போதிய இயந்திரங்கள் இல்லை. மருத்துவ மாணவர்கள் நூற்றுக்கணக்கில் முறை வைத்து, இரவும் பகலும் கட்டிலருகே உட்கார்ந்து பையை அழுத்தினார்கள். அந்த அனுபவத்திலிருந்து அடுத்த ஆண்டே ஐசியு பிறந்தது. புதியவர்களுக்கு இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: ஐசியுவின் அடிப்படை, ஒரு நோயாளியின் பக்கத்தை விட்டு நகராத ஓர் ஆள். வென்டிலேட்டர் அதற்குப் பிறகு வந்தது.

உடல் எப்படி இயங்குகிறது என்பதை ஐசியு ஆழமாகக் கற்றுத்தரும். ஒன்றிரண்டு நோயாளிகள்தான் என்பதால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் தேட நேரம் இருக்கும். டாக்டரும் பக்கத்திலேயே இருப்பார், கேட்கலாம். மருந்தின் விளைவைக் கண்முன்னே பார்க்கலாம். பிபியைத் தாங்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் மருந்து, பம்பில் ஓடும் சிரிஞ்சில் தீரப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மருந்து உடலில் சில நிமிடங்களே தங்கும். அடுத்த சிரிஞ்சைத் தயாராக வைக்காமல், பம்ப் கத்தியபிறகு ஓடினால், நீங்கள் இணைத்து முடிப்பதற்குள் மேல் பிபி 110-லிருந்து 60-க்கு இறங்குவதைத் திரையில் பார்ப்பீர்கள். ஒருமுறை பார்த்தவர்கள் பிறகு சிரிஞ்ச் தீர அரை மணி நேரம் இருக்கும்போதே அடுத்ததை ஏற்றி, லேபிள் ஒட்டி, பக்கத்தில் வைத்துவிடுவார்கள். முன்கூட்டியே யோசிக்கும் அந்தப் புத்தியை ஐசியு தரும்.

விலை என்ன? நோயாளி பெரும்பாலும் மயக்க மருந்தில் இருப்பார், ஆகவே பேசிப் புரிந்துகொள்ளும் திறமை மெதுவாகத்தான் வளரும். திரையைப் பார்த்துப் பழகிய கண் நோயாளியின் முகத்தைப் பார்க்க மறக்கும். இரண்டாண்டு ஐசியுவில் இருந்த கெட்டிக்காரப் பெண் ஒருத்தி, வார்டில் ஒரே நேரத்தில் ஆறு பேரை ஏற்று, காலை மருந்து முடிப்பதற்குள் திணறி அழுததைப் பார்த்திருக்கிறேன். அலாரம் தூக்கத்திலும் கேட்கும். அதைவிடக் கனமானது ஒன்று உண்டு. பயனில்லை என்று எல்லோருக்கும் தெரிந்த சிகிச்சையை நாள்கணக்கில் உங்கள் கையாலேயே தொடர வேண்டி வரும். இருபத்திரண்டு வயதில் அதைத் தாங்க, டூட்டி முடிந்ததும் உட்கார்ந்து பேச ஒரு மூத்தவர் வேண்டும்.

வகுப்பும் கைப்பயிற்சியும் சேர்ந்து மூன்று மாதமாவது உங்களைத் தனியாக விடமாட்டார்கள் என்றால், வார்டு அனுபவம் இல்லாமலே ஐசியுவுக்குத் தாராளமாகப் போகலாம். "ரெண்டு வாரத்துல பழகிடுவீங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் வேண்டாம்.

எமர்ஜென்சி

மூன்று மாதம் வார்டில் பார்ப்பதை இங்கே ஒரு வாரத்தில் பார்த்துவிடலாம். நெஞ்சுவலி என்று ஒருவர் வந்தால் 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்து டாக்டரிடம் காட்டியிருக்க வேண்டும். கேனுலா (மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் பொருத்தும் மெல்லிய குழாய்) போடுவது, ரத்தம் எடுப்பது, தலையில் அடிபட்டவரின் நினைவு நிலையை கிளாஸ்கோ அளவில் (1974-இல் வந்தது, 3 முதல் 15 வரை) சொல்வது எல்லாம் கைக்குப் பழகிவிடும்.

ஆனால் இந்தப் பிரிவின் உயிர்நாடி ட்ரையாஜ், அதாவது வந்தவர்களில் யார் முதலில் என்று பிரிப்பது. சோதனை முடிவு எதுவும் வருவதற்கு முன்பே, முகத்தையும் தோல் நிறத்தையும் மூச்சையும் பார்த்து "இவருக்கு ஏதோ சரியில்லை" என்று சொல்ல வேண்டும். இயல்பாகக் குணமாகிறவர்களை நிறையப் பார்த்திருந்தால்தான் அந்தக் கண் வரும். அதனால் இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி: முதல் ஆண்டிலேயே ட்ரையாஜில் தனியாக உட்கார வைப்பார்களா? ஆம் என்றால், உங்களுக்கும் நோயாளிக்கும் அது ஆபத்து.

இங்கே கதை பாதியிலேயே நிற்கும். நீங்கள் மார்பை அழுத்தி மீட்டவர் வேறு பிரிவுக்குப் போய்விடுவார், பிழைத்தாரா என்று தெரியாது. அது சிலரை அரிக்கும். குடித்துவிட்டு வருபவர்களும், துக்கத்தில் கை ஓங்கும் உறவினர்களும் உண்டு. பாதுகாப்புக்கு ஆள் எங்கே நிற்கிறார் என்பதை உள்ளே நுழையும்போதே பாருங்கள். கட்டில் நிரம்பியபின்னும் கதவு மூடாது, எனவே நோயாளி எண்ணிக்கை காகிதத்தில் ஒன்றாகவும் தரையில் வேறாகவும் இருக்கும்.

பரபரப்பில் தலை தெளிவாகிறவர்கள் உண்டு. பயிற்சிக் காலத்திலேயே உங்களுக்கு அது தெரிந்திருக்கும். அவர்களுக்கு, நல்ல பயிற்சித் திட்டம் இருந்தால், இது பொருந்தும்.

ஆபரேஷன் தியேட்டர்

ஒழுங்கு பிடித்தவர்களின் இடம். ஸ்க்ரப் நர்ஸாகக் கருவிகளைக் கையில் கொடுப்பதும், சர்குலேட்டிங் நர்ஸாக அறை முழுவதையும் கவனிப்பதும் இரண்டு தனித் திறமைகள். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலை எட்டு நகரங்களில் சோதித்தபோது, இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. அந்தப் பட்டியலை வாய்விட்டுப் படிக்கும் குரல் பல அறைகளில் நர்ஸின் குரல். பஞ்சுத்துணி ஒன்று குறைகிறது என்றால், எத்தனை பெரிய சர்ஜனாக இருந்தாலும் "தைக்காதீங்க, எண்ணிக்கை சரியில்லை" என்று நிறுத்தும் துணிச்சலை இந்த இடம் தரும்.

முதல் பிரிவாக இதை நான் தயங்கித்தான் சொல்வேன். நோயாளி விழித்திருக்கும் நேரம் சில நிமிடங்களே. மருந்து கொடுப்பது, நாள் முழுதும் ஒருவரைக் கவனிப்பது, குடும்பத்தோடு பேசுவது எல்லாம் படித்த இடத்திலேயே நின்றுவிடும். ஐந்தாண்டு கழித்து வார்டுக்குத் திரும்ப நினைத்தால் புதியவரைப் போலத்தான் தொடங்க வேண்டும். மணிக்கணக்கில் நின்று கால் நரம்பு புடைக்கும், வீட்டில் இருக்கும்போதும் வரச்சொல்லும் ஆன்கால் அழைப்புகளும் உண்டு. பயிற்சியின்போதே தியேட்டர்மீது மனம் போய், இன்னும் அங்கேயே இருக்கிறது என்றால் போங்கள். வார்டுக்குப் பயந்து மட்டும் போகாதீர்கள்.

லேபர் ரூமும் பச்சிளங்குழந்தைப் பிரிவும்

லேபர் ரூமில் எப்போதும் இரண்டு நோயாளிகள், ஒருவர் வெளியே தெரியமாட்டார். நிறைமாதக் கருப்பைக்கு நிமிடத்துக்குச் சுமார் 500 முதல் 700 மில்லி ரத்தம் போகிறது. பிரசவத்துக்குப் பிறகு கருப்பை சுருங்காவிட்டால் யோசிக்க உங்களுக்கு நிமிடங்கள்தான் இருக்கும். குழந்தை பிறந்த 1-ஆம் நிமிடத்திலும் 5-ஆம் நிமிடத்திலும் அதன் உடல்நிலைக்குப் போடும் மதிப்பெண்ணை 1952-இல் வர்ஜீனியா அப்கார் என்ற மயக்கவியல் மருத்துவர் முன்வைத்தார். அதை நிதானமாகச் சொல்லும்போது வரும் நிறைவு தனி. ஆனால் இங்கே ஒரு சாவு நேர்ந்தால், மகிழ்ச்சியை எதிர்பார்த்து வந்த குடும்பத்தின் நடுவில் நேரும். அதற்கு மனதைத் தயார்செய்ய எந்தப் பாடத்திலும் இடமில்லை. சில நாடுகளில் பிரசவம் பார்க்கத் தனிப் பதிவு வேண்டும், முன்பே விசாரியுங்கள்.

பச்சிளங்குழந்தைப் பிரிவில் எல்லாமே மில்லியில். 1 கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் மொத்தமே 80, 90 மில்லி ரத்தம்தான். சோதனைக்கு 2 மில்லி எடுப்பது, பெரியவரிடமிருந்து 100 மில்லிக்கு மேல் எடுப்பதற்குச் சமம். மருந்தில் ஒரு தசமப் புள்ளி நகர்ந்தால் பத்து மடங்கு. அதனால் இருவர் சேர்ந்து சரிபார்க்கும் பழக்கம் ரத்தத்தில் ஊறும். பெரியவர்கள் பக்கம் திரும்பும்போது முதலிலிருந்து கற்க வேண்டும் என்பதுதான் விலை. குழந்தைகளோடுதான் வேலை என்று முடிவெடுத்தவர்களுக்கு அது விலையே இல்லை.

டயாலிசிஸும் மனநலப் பிரிவும்

சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தை இயந்திரத்தால் சுத்தப்படுத்தும் டயாலிசிஸில் பொதுவாக ஒருவர் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் வருவார். பல யூனிட்டுகளில் நைட் டூட்டி இல்லை, அல்லது குறைவு. இரவு வேலையை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இலும் மறுபடி 2019-இலும் "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது" என்ற வகையில் வைத்திருப்பதை யோசித்தால், இது சின்ன விஷயமில்லை. வீட்டில் கைக்குழந்தையோ படுக்கையில் ஒரு பெரியவரோ இருந்து, இரவில் வெளியே தங்க முடியாது என்றால், இதை வெட்கமில்லாமல் தேர்ந்தெடுங்கள். கற்பது குறுகலாக இருக்கும். வருடக்கணக்கில் பார்த்த முகம் ஒரு நாள் வராமல் போகும், அது சொந்தத்தில் ஒருவர் போனதுபோல்தான் இருக்கும்.

மனநலப் பிரிவில் உங்கள் பேச்சும் மௌனமும்தான் கருவி. உட்கார்ந்து கேட்கப் பொறுமை உள்ளவர்கள் அங்கே மிளிர்வார்கள். கேனுலா போடும் கை மட்டும் பழக்கம் விட்டுப்போகும்.

ஒரே பார்வையில்

| பிரிவு | முதலில் பழகுவது | மறைந்திருக்கும் விலை | எப்போது எடுக்கலாம் |
|---|---|---|---|
| ஜெனரல் வார்டு | கவனிக்கும் கண், வரிசைப்படுத்துதல் | ஓட்டம், முதுகுவலி, முடிக்காத குறை | திசை தெரியாதபோது, எண்ணிக்கை தாங்கினால் |
| ஐசியு | உடலியக்கம், முன்யோசனை | திரைக்குப் பழகும் கண், மனச்சுமை | மூன்று மாதத் துணை உறுதியானால் |
| எமர்ஜென்சி | வேகம், கைவேலை | வன்முறை, முடிவு தெரியாத கதைகள் | ட்ரையாஜில் தனியாக விடாவிட்டால் |
| தியேட்டர் | ஒழுங்கு, நிறுத்தும் துணிச்சல் | திரும்பி வருவது கடினம் | உண்மையிலேயே பிடித்திருந்தால் |
| லேபர் ரூம் | நிமிடங்களில் முடிவு | எதிர்பாராத துக்கம் | மூத்தவர் எப்போதும் அறையில் இருந்தால் |
| பச்சிளங்குழந்தை | துல்லியம், இருவர் சரிபார்ப்பு | பெரியவர்களிடம் திரும்பினால் புதுத் தொடக்கம் | குழந்தைகள்தான் என்று உறுதியானால் |
| டயாலிசிஸ் | இயந்திரம், நீண்ட உறவு | குறுகிய அனுபவம் | இரவு வேலை முடியாதபோது |
| மனநலம் | கேட்பது, பேசுவது | கைவேலை மங்கும் | பொறுமை இயல்பாக இருந்தால் |

கையெழுத்துப் போடும் முன்

ஒரு டூட்டி கூட இருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். கொடுத்தால் ஹேண்டோவர் நேரத்தில் போய் நில்லுங்கள். புதியவர் ஒருவர் கேள்வி கேட்கும்போது மூத்தவரின் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். அந்த ஒரு காட்சி, நேர்முகத்தில் கேட்கும் பத்துப் பதில்களைவிட அதிகம் சொல்லும். கடந்த ஆண்டு சேர்ந்த புதியவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். இரவில் சந்தேகம் வந்தால் யாரை எழுப்ப வேண்டும் என்று கேளுங்கள். பதிலில் ஒரு பதவியின் பெயர் வந்தால் போதும். "பார்த்துக்கலாம்" என்று வந்தால் யாரும் இல்லை என்று பொருள்.

மேலே கேட்டவளுக்கும் இதைத்தான் சொன்னேன். போய்க் கேட்டுவிட்டு வந்தாள். ஐசியுவில் மூன்று மாதம், ஒரே மூத்தவரோடு. வார்டில் நான்கு நாள், பிறகு தனியாகப் பதினான்கு பேர். ஐசியுவை எடு என்றேன். வார்டை இவ்வளவு புகழ்கிற நானே அப்படிச் சொன்னதில் அவளுக்கு ஆச்சரியம்.

ஏற்கெனவே ஓரிடத்தில் சேர்ந்துவிட்டு, தப்போ என்று தவிப்பவர்களுக்கு: முதல் ஆறு மாதத்தில் எந்தப் பிரிவும் தப்பாகத்தான் தோன்றும். டூட்டிக்குக் கிளம்பும்போது வயிற்றைக் கலக்குவது, செய்தோமா இல்லையா என்று நடு இரவில் விழித்துக்கொள்வது எல்லாம் அந்தக் காலத்தின் இயல்பு, எனக்கும் இருந்தது. ஓராண்டு பார்த்துவிட்டு மாறுங்கள், பிரிவு மாறுவது எந்த வகையிலும் தோல்வி கிடையாது. ஆனால் பயிற்சி தராத இயந்திரத்தில் தனியாக நிறுத்துகிறார்கள், உதவி கேட்டால் திட்டுகிறார்கள், பார்க்காததைப் பார்த்ததாகச் சார்ட்டில் எழுதச் சொல்கிறார்கள் என்றால் ஓராண்டு காத்திருக்க வேண்டாம். நடந்ததைத் தேதி போட்டு எழுதிவையுங்கள், மேற்பார்வையாளரிடம் எழுத்தில் கொடுங்கள், கூடவே அடுத்த வேலைக்கு விண்ணப்பியுங்கள். பதிவு எண் உங்கள் பெயரில் இருக்கிறது, சார்ட்டில் இருக்கும் கையெழுத்தும் உங்களுடையது.